நான்காவது தட்டலுக்குப் பிறகு

கார்தேனியா நடன மண்டபத்துக்கு ஐம்பத்தாறு வருடம் கழித்துப் போனேன். வாசல் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: ‘முதியோர் கவனத்துக்கு. வியாழக்கிழமைகளில் கால் நகம் வெட்டிவிடப்படும்.’ ஒரு காலத்தில் இதே வாசலில் பெண்பிள்ளைகள் எங்கள் வேன் கண்ணாடியில் உதட்டுச் சாயத்தால் பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். இப்போது நகம் வெட்டுகிறார்கள். இந்த மண்டபத்துக்கு இதுதான் தகுந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. வட இத்தாலியில், போ நதிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் வால்ஃபோசாவில் நவம்பரில் மூடுபனியைத் தவிர வேறெதுவும் விளையாது. பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தால் நிறுத்திய காரைக் காணோம். மண்டபத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாயும் தெரியவில்லை. வாடை மட்டும் வந்தது. சேறு, அழுகிய நாணல், விலாங்கு மீன். அந்த வாடை எனக்கு ஆகாது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன், எனக்கு அதில் அவசரம் ஒன்றுமில்லை.

என் பெயர் தெல்மோ. 1966-ல் ‘கெளுத்திகள்’ என்ற பீட் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நாங்கள் பெயர் தேடுவதற்குள் நாட்டிலிருந்த மற்ற பறவை, மிருகம், பூச்சி எல்லாம் வேறு குழுக்களுக்குப் போய்விட்டிருந்தன. முடி வளர்த்த நான்கு பையன்கள் எங்கே சேர்ந்து நின்றாலும் அது ஒரு பீட் குழு என்று இருந்த காலம். இங்கிலாந்துக்காரன் பாட்டை எடுத்து, அதன் மேல் இத்தாலிய வார்த்தைகளை ஒட்டி, லண்டன் சட்டை மாதிரி ஃபெர்ராராவில் ஒன்றைத் தைத்துப் போட்டுக்கொண்டு, ஞாயிறுதோறும் ஒரு மண்டபத்தில் குதிப்போம். அதில் சங்கீதம் என்று ஒன்றும் கிடையாது.

ஆனால் எங்கள் முதல் ஆல்பத்துக்கு இன்று உலகமெங்கும் பித்துப் பிடித்த ஒரு கூட்டம் அலைகிறது. ஜப்பானிலிருந்து ஒருவன் என் வீட்டுக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். கையில் அப்போது பூண்டு நாற்றம். அவனுக்கு அதுவும் பிரசாதமாகப் பட்டிருக்கும்.

அந்த ஆல்பம் கிடைப்பதற்கு அரிது. அதன் காரணம் இதுதான். ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் டிரம்ஸ் குச்சிகள் ஒன்றோடொன்று நான்கு முறை தட்டும் சத்தம். நான்காவதுக்குப் பிறகு யாரோ ஆழமாக மூச்சை இழுக்கும் சத்தம். அதன்பிறகுதான் பாட்டு. மிலானில் கம்பெனி முதலாளி கேட்டுவிட்டு, “இதென்ன ஆஸ்துமா வார்டா?” என்று கத்தி, கடைகளுக்குப் போனதையெல்லாம் ஒரே வாரத்தில் திரும்ப வாங்கிக்கொண்டார். தட்டலையும் மூச்சையும் வெட்டியெறிந்துவிட்டு மறுபடி அச்சிட்டார்கள். தப்பிப் பிழைத்தது இருநூறு பிரதிகள் இருக்கலாம். அந்த மூச்சுக்காகத்தான் இவர்கள் உயிரை விடுகிறார்கள்.

அந்த மூச்சு யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது.

அட்டையில் நாங்கள் நான்கு பேர் நிற்கிறோம். நடுவில் பாடகன் வானெஸ், பல்வரிசையும் நெற்றி முடியுமாக. அவனுக்குப் பாட வராது. வாயைத் திறந்தால் சைக்கிள் பிரேக் பிடித்த மாதிரி இருக்கும். பாடியவன் ஐந்தாமவன், லியார்கோ. குழந்தையாக இருந்தபோது விலாங்கு பொரித்த எண்ணெய்ச் சட்டி அவன் மேல் கவிழ்ந்து, இடது பாதி முகம் சுருங்கிப்போயிருந்தது. அவனைப் ‘பொரியல்’ என்று கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்தவன் நான். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான்.

மேடையில் லியார்கோ திரைக்குப் பின்னால், எனக்கு இடப்பக்கம் இரண்டடி தள்ளி, ஒரு முக்காலியில் மைக்கோடு உட்கார்ந்திருப்பான். வானெஸ் முன்னால் நின்று வாயசைப்பான். திரைக்குப் பின்னாலிருப்பவனுக்கு முன்னால் நிற்பவன் எப்போது வாயைத் திறக்கிறான் என்று தெரியாது. அதற்குத்தான் நான். நான்கு தட்டல். நான்காவதில் வானெஸ் வாயைத் திறப்பான், லியார்கோ மூச்சை இழுப்பான். வாரத்துக்கு மூன்று மண்டபம் என்று இரண்டு வருடம் அப்படியே பழகி, கடைசியில் என் தட்டல் இல்லாமல் லியார்கோவால் தொடங்கவே முடியாது என்றாகிவிட்டது. தட்டல் கேட்டுவிட்டால் நிறுத்தவும் முடியாது. ஒருமுறை வேனில் வேடிக்கைக்காக மேசைக் கரண்டியால் நான்கு தட்டினேன். தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்து பாடினான்.

மிலான் ஸ்டுடியோவில் என் டிரம்ஸைக் கேட்டதும் ஒலிப்பதிவுக்காரர் என்னை எழுந்துகொள்ளச் சொல்லிவிட்டார். கூலிக்கு வாசிக்கும் ஒருவனை உட்காரவைத்தார்கள். அவன் பாட்டுக்குப் பாட்டு நடுவில் செய்தித்தாள் படித்தான். ஆனால் அவன் தட்டினால் லியார்கோவுக்கு மூச்சு எழவில்லை. அதனால் என்னை மறுபடி கூப்பிட்டுத் தட்ட மட்டும் சொன்னார்கள். பன்னிரண்டு பாட்டு, பாட்டுக்கு நான்கு தட்டல். அந்த ஆல்பத்தில் நான் வாசித்தது அவ்வளவுதான். அதை வைத்து ஐம்பத்தாறு வருடமாக இந்த ஊரில் ‘கெளுத்திகள் தெல்மோ’ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறேன்.

லியார்கோ 1967 பிப்ரவரியில் செத்துப்போனான். இதே மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி முடிந்து பின்வாசல் வழியாகப் போனவன் கால்வாயில் விழுந்துவிட்டான். இரண்டு நாள் கழித்து மதகில் கிடைத்தான். மூடுபனிதான் காரணம் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். குழுவில் மற்ற இருவரும் பின்னாளில் போய்ச்சேர்ந்தார்கள், ஒருவன் ஈரல் கெட்டு, இன்னொருவன் ஏணியிலிருந்து விழுந்து. மிச்சம் வானெஸும் நானும்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஒட்டாவியோ ஓடிவந்தான். தூரினிலிருந்து வந்திருக்கும் சேகரிப்பாளன், நாற்பது வயது, கையில் வெள்ளைப் பருத்திக் கையுறைகள். அந்த ஆல்பத்தை அவன்தான் மறுபடி கொண்டுவரப்போகிறான். அதை முன்னிட்டு நகரசபை வானெஸுக்கு ஒரு பட்டயம் தருகிறது, அதற்குத்தான் இந்த விழா.

“மேஸ்ட்ரோ! வந்துட்டீங்களா! உங்க நாலு தட்டலைக் கேட்டா எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறியுது, மேஸ்ட்ரோ.”

“டாக்டரைப் பாருங்க,” என்றேன்.

அதையும் அவன் ரசித்துச் சிரித்தான். இந்த ஆட்களை அவமானப்படுத்தவும் முடியாது.

காப்பி மேசைக்குப் பக்கத்தில் நீவெஸ் நின்றிருந்தாள். லியார்கோவின் தங்கை. அன்றைக்குப் பதினேழு வயது, இன்றைக்கு எழுபத்துமூன்று. கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

“ஒட்டாவியோகிட்ட பேசிட்டேன். புது அட்டையில ‘பாடியவர் லியார்கோ’ன்னு போடறேங்கறார். ஆனா குழுவுல இருந்தவங்க ஒருத்தராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணுமாம்.”

“வானெஸ்கிட்ட கேளு.”

“கேட்டேன். கதவைச் சாத்திட்டான். அவன் சாத்துவான்னு தெரியும். அதான் உங்கிட்ட வரேன்.”

“ஐம்பத்தாறு வருஷம் ஆச்சு, நீவெஸ். செத்தவனுக்கு எதுக்கு இப்ப பேரு?”

“செத்தவனுக்குத்தான் பேரு வேணும். உசுரோட இருக்கறவனுக்கு மூஞ்சி இருக்கே, அதைக் காட்டிப் பொழைச்சுக்கலாம். நீங்க ரெண்டு பேரும் பொழைக்கலையா?”

இவளுக்கு என்ன தெரியும்? லியார்கோ பாடினான் என்று நான் எழுதினால், அடுத்த கேள்வி ‘அப்போ டிரம்ஸ் யார் வாசித்தது?’ என்பதுதான். இந்தச் சேகரிப்பாளர்கள் விடமாட்டார்கள், ஒவ்வொரு முடியாக விலக்கிப் பேன் பார்ப்பார்கள்.

“என்னால ஆகாது. போய் கேக் சாப்பிடு,” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மேடைக்குப் பின்னால் பழைய பச்சைத் திரை போய் ஒரு காவி நிறத் திரை தொங்கியது. முன்னால் யாரிடமோ இரவல் வாங்கிய டிரம்ஸ். வானெஸ் ஊதாக் கோட்டில் வந்தான். எழுபத்தெட்டு வயதில் தலைமுடி காக்கைக் கறுப்பு. சாயம் காதோரம் வழிந்திருந்தது.

“டேய் தெல்மோ, நீ ஒண்ணும் பண்ணாதே. குச்சியைக் கையில வெச்சுக்கிட்டு அழகா உக்காரு. எல்லாம் ரெக்கார்டுல இருக்கு.”

“நீயும் அதையேதானே பண்ணப்போற?”

“நான் அதை ஸ்டைலாப் பண்ணுவேன்டா.”

மேயரம்மா பேசினார். பட்டயத்தில் ‘வால்ஃபோசாவின் குரல்’ என்று பொறித்திருந்தது. வானெஸ் அதை முத்தமிட்டான், கண்ணைத் துடைத்துக்கொண்டான், அந்தக் கண்ணீர் நிஜம் என்பதுதான் கொடுமை. ஐம்பத்தாறு வருடத்தில் அவன் தன்னையே நம்பிவிட்டான். கீழே அறுபது எழுபது கிழங்கள் கை தட்டின. மெழுகு போட்ட தரையும் காப்பியும் நனைந்த கம்பளிக் கோட்டுகளும் கலந்து நாறின. ஜன்னல்களுக்கு வெளியே வெண்மை தவிர ஒன்றுமில்லை.

நான் உட்கார்ந்தேன். வானெஸ் மைக்கைப் பிடித்தான். மேடை ஓரத்து மேசையில் ஒட்டாவியோ இசைத்தட்டு இயந்திரத்தைப் போட்டான்.

என் கை தானாக எழுந்தது.

சத்தியமாக நான் அதை எழுப்பவில்லை. மைக்கைப் பிடித்து நிற்கும் அந்த முதுகைப் பார்த்ததும் கை பழைய வேலைக்குப் போய்விட்டது.

டக். டக். டக். டக்.

எனக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

நீளமான மூச்சு. ஒலிபெருக்கியிலிருந்து அல்ல, என் இடது தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. இரண்டடி தள்ளி. திரை அந்த மூச்சோடு சேர்ந்து உள்ளே குழிந்தது. என் பிடரி ஈரமானது. சேறும் நாணலும் விலாங்குமாக அந்த வாடை, கால்வாய் மண்டபத்துக்குள் வந்துவிட்டது போல அடித்தது.

பிறகு பாட்டு.

இருபத்தொரு வயதுக் குரல். கொஞ்சம் கரகரப்பு, மேலே போகும்போது நூலாக மெலிந்து மறுபடி தடிக்கும். எனக்கு அது தெரியாதா? அந்தக் குரலுக்கு நான்தான் வாசல்காரனாக இருந்தேன்.

வானெஸ் வாயசைத்தான். ஸ்டைலாகத்தான் செய்தான், ஒத்துக்கொள்கிறேன். இடுப்பில் ஒரு கை, கண்ணை மூடி, ஒரு சுற்று. கீழே இரண்டு ஜோடிகள் எழுந்து ஆடவும் தொடங்கின. சுற்றிவந்தவன் ஒட்டாவியோ பக்கம் பார்த்தான்.

ஒட்டாவியோ இசைத்தட்டைக் கையில் வைத்திருந்தான்.

இரண்டு கையாலும். தூசு துடைக்கும் துணியோடு. அவனுக்கு முன்னால் இயந்திரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

வானெஸ் வாயை மூடப் பார்த்தான்.

மூட முடியவில்லை.

தாடை நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. கையால் மோவாயைப் பிடித்துத் தள்ளினான். வாய் ஒவ்வொரு சொல்லுக்கும் விரிந்தது, குவிந்தது, மறுபடி விரிந்தது. பாட்டு எங்கே போகிறதோ அங்கே போயிற்று. அவன் கண் மட்டும் அவனுடையதாக இருந்தது. அது என்னைப் பார்த்துக் கெஞ்சியது.

அந்தப் பார்வையை நான் ஒருமுறை முன்பே பார்த்திருக்கிறேன்.

கிழங்கள் தாளம் போட்டன. ஒருத்தி, “இந்த வயசுலயும் எப்படி நடிக்கறான் பாரு!” என்று சத்தமாகவே சொன்னாள். இரண்டரை நிமிடம். பாட்டு முடிந்ததும் வானெஸின் வாய் பல்லோடு பல் மோதி மூடியது. அப்படியே மேடையில் உட்கார்ந்தான். கடைவாயிலிருந்து ஊதாக் கோட்டின் மேல் பழுப்பு நீர் வழிந்தது. மேயரம்மா கைக்குட்டையால் துடைத்துவிட்டு, பாவம், எச்சில் என்றார். எச்சிலுக்கு நாணல் வாடை வராது.

நீவெஸ் மட்டும் வானெஸைப் பார்க்கவில்லை. மேடையேறிவந்து திரையை விலக்கினாள். அடுக்கிவைத்த நாற்காலிகள், தம்போலாப் பலகை, ஒரு முக்காலி. முக்காலியின் மேல் ஈரம்.

“மேஸ்ட்ரோ,” என்று ஒட்டாவியோ என் காதில் கிசுகிசுத்தான். அவன் உதடு வெளுத்திருந்தது. “நான் இன்னும் முள்ளையே வைக்கலை.”

“தெரியும்,” என்றேன்.

வானெஸுக்கு அன்றோடு பேச்சு போயிற்று. ஃபெர்ராரா ஆஸ்பத்திரியில் தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். ‘வால்ஃபோசாவின் குரல்’ இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறது. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. திங்கட்கிழமை வரைதான் இருந்தது.

திங்கட்கிழமை காலை காப்பியைக் கலக்கினேன். கரண்டி கோப்பையில் நான்கு முறை பட்டது. பின்னால் அந்த மூச்சு. அதோடு என் மூச்சும் உள்ளே போய் நின்றுகொண்டது. நான் நிறுத்தவில்லை. விடப் பார்த்தேன், விட முடியவில்லை. யாரோ என் நெஞ்சுக்குள் கையை வைத்துப் பிடித்திருந்து, ஒரு நொடி கழித்து, போதுமென்று விட்டார்கள்.

அன்றிலிருந்து எதையும் மூன்றோடு நிறுத்தப் பழகினேன். மூன்று சுற்றுக் கலக்குவேன். மூன்று படி ஏறுவேன், நிற்பேன், மூன்று படி ஏறுவேன். கீழ்வீட்டுக்காரி எனக்கு மூட்டுவலி என்று நினைத்து, நகம் வெட்டுமிடத்தில் சொல்லிவைக்கவா என்று கேட்டாள். கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள் போட்டேன். சொட்டும் குழாயில் துணி கட்டினேன். காரில் திரும்பும் விளக்கைப் போட்டால் டிக் டிக் என்று எண்ணும், அதனால் காரையே எடுப்பதில்லை. ஜன்னலுக்கு எப்போதும் மரக்கதவுதான், திரைச்சீலை என்ற சமாச்சாரத்தை நான் வீட்டில் சேர்ப்பதில்லை. ஐம்பத்தாறு வருடமாகவே சேர்ப்பதில்லை.

எல்லாம் செய்தேன். தேவாலய மணியை என்ன செய்வது?

தினமும் நான்கு மணிக்கு நான்கு முறை அடிக்கும். காதில் பஞ்சும் விரலும் வைத்தாலும் எலும்பு வழியாக வரும். முதல் நாள் ஐந்து எண்ணும்வரை மூச்சு நின்றது. அடுத்த வாரம் இருபது. மூன்றாவது வாரம், நேற்று, தரையில் விழுந்து கிடந்தேன். கண் இருண்டபோது என் காதோரம் ஈரமான ஒரு கன்னம், சுருங்கிய தோல், உரசுவது தெரிந்தது. பிறகுதான் மூச்சு வந்தது. எழுந்ததும் நீவெஸுக்குப் போன் செய்து, நாளைக்கு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். மனம் திருந்தி அல்ல. உயிர்ப்பயம். அதை நல்லெண்ணம் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம்.

இன்று மதியம் இரண்டரை மணிக்கு வந்தாள். ஒட்டாவியோ தட்டச்சு செய்து அனுப்பிய காகிதத்தை மேசையில் வைத்தாள். பன்னிரண்டு பாட்டையும் பாடியவர் லியார்கோ. நான் அதன் கீழே என் கையாலேயே, டிரம்ஸ் வாசித்தது நானல்ல, நான் தட்டியது மட்டும்தான் என்றும் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். ஐம்பத்தாறு வருடத்து நெஞ்சு நிமிர்த்தல் ஒரு நிமிடத்தில் போயிற்று. எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவில்லை.

நீவெஸ் காகிதத்தை இரண்டு முறை படித்தாள். கைத்தடி அவள் மடியில் கிடந்தது.

“வேற எதுவும் விட்டுப்போகலையே, தெல்மோ?”

“இல்லையே.”

“ஒண்ணு கேக்கணும். அவன் செத்த அன்னைக்கு மத்தியானம் என்னை வரச்சொன்னான். நல்ல கவுன் போட்டுக்கிட்டு முன்வரிசையில உக்காரு, இன்னைக்கு நான் வெளிய வந்து பாடப்போறேன்னான். நானும் போய் உக்காந்தேன். கடைசி வரைக்கும் திரையையே பாத்துட்டு இருந்தேன். அவன் வரலை. ஏன் வரலை?”

பேனாவை மூடி மேசையில் வைத்தேன்.

“பயந்திருப்பான்,” என்றேன்.

அவள் மெல்லத் தலையாட்டினாள். “நானும் அப்படித்தான் நெனச்சேன். சின்ன வயசுலேர்ந்தே அவன் பயந்தாங்கொள்ளி. அன்னைக்கு ராத்திரி அவன் செத்தது தெரியாம, வீட்டுக்கு வரட்டும், கோழைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லணும்னு வாசல்லயே நின்னேன்.”

அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, காகிதத்தை மடித்தாள்.

அப்போது வெளியே படிக்கட்டில் சத்தம் கேட்டது. மரத்தோடு மரம்.

டக். டக். டக்.

நீவெஸின் கைத்தடி அவள் மடியில்தான் இருந்தது. அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, நன்றி என்று சொல்லிவிட்டுப் போனாள். நன்றியாம். எனக்கு.

நான்காவது தட்டல் வரவில்லை. ஒரு மணி நேரமாக வரவில்லை. அது வருவதற்குள் விட்டுப்போனதை எழுதிவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன், மேலே உள்ளதெல்லாம் இந்த ஒரு விஷயத்துக்குள் நுழையத் தைரியமில்லாமல் சுற்றி வந்ததுதான்.

நீவெஸ், உன் அண்ணன் பயப்படவில்லை. நிகழ்ச்சிக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு என் கையைப் பிடித்தான். “தெல்மோ, இன்னைக்கு மூணு தட்டி நிறுத்திடு. நாலாவதைத் தட்டாதே. வானெஸ் வாயைத் திறப்பான், சத்தம் வராது. அப்ப நான் திரையை விலக்கிட்டு வெளிய வருவேன். நீ நாலாவதைத் தட்டிட்டா என்னால முடியாதுடா, தொண்டை தானா இங்கேயே பாடிடும்,” என்றான். சரி என்றேன். அம்மா மேல் ஆணை என்றேன்.

மூன்று தட்டினேன். வானெஸ் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான், கெஞ்சும் கண்ணோடு. திரை அசைந்தது. உன் அண்ணனின் விரல்கள் திரையின் ஓரத்தில் வந்துவிட்டன, நான் பார்த்தேன். தானாக வெளியே வந்து பாடத் தெரிந்தவனுக்குத் தட்டுகிறவன் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான் காரணம். அற்பமான காரணம்.

நான்காவதைத் தட்டினேன்.

விரல்கள் உள்ளே போயின. அவன் பாடினான், பன்னிரண்டு பாட்டும் பாடினான். முடிந்ததும் என்னை ஒரு வார்த்தை சொல்லாமல் பின்வாசல் வழியாகப் போனான். வெளியே மூடுபனி இருந்தது உண்மைதான். ஆனால் அவன் அந்தக் கால்வாய்க் கரையில் பிறந்தவன்.

எழுதிவிட்டேன். கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன். இதை நீவெஸிடம் சேர்க்கவேண்டியது கண்டெடுப்பவர் பொறுப்பு.

மணி நான்காகப் போகிறது. அறையில் சேற்று வாடை. படிக்கட்டில் கேட்ட மூன்றும் எதற்கென்று இப்போதுதான் புரிகிறது. அன்றைய ஏற்பாடு அதுதான். மூன்று தட்டல், நான்காவது இல்லை. நான்காவதை என் கைக்கு விட்டிருக்கிறான். பேனா விரலிடுக்கில் இருக்கிறது, மேசை கையெட்டும் தூரத்தில். ஒருமுறை தட்டினால் போதும், அவன் இருக்கும் இடத்திலேயே இருந்துவிடுவான்.

நான் தட்டவில்லை.

இடது தோளுக்குப் பின்னால், இரண்டடியில், திரை விலகும் சத்தம் கேட்கிறது.

என் வீட்டில் திரை கிடையாது.